அறுபத்தொரு வயதில் தங்கச்சி

என் பிறந்த வருஷத்தை உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினேன். 1963. எண்கள் வியட்நாமிலும் இதேதான். சோத்துக்கடை அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எங்கள் ஊரில் ஜோசியர் நட்சத்திரம் எண்ணுவதும் இப்படித்தான். எண்ணி முடித்து என்னைப் பார்த்து "மெயோ" என்றார். எனக்கு விளங்கவில்லை. உடனே முகத்துக்கு இரண்டு பக்கமும் விரல்களை மீசையாக விரித்துப் பூனை மாதிரிக் கத்திக் காட்டினார். அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டுவிட்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் தலைக்கு மேலே கொம்பாக வைத்தார். எருமை.

சீனர்களைப் போல வியட்நாம்காரர்களுக்கும் 12 வருஷம் ஒரு சுற்று, வருஷத்துக்கு ஒரு மிருகம். சீனர்கள் முயல் வைத்திருக்கிற இடத்தில் இவர்கள் பூனை வைத்திருக்கிறார்கள். மாடு இருக்க வேண்டிய இடத்தில் எருமை. நான் பூனை வருஷம். அவர் 1961, எருமை வருஷம். என்னைவிட இரண்டு வயசு மூத்தவர். அந்தக் கணக்கு தீர்ந்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. என் தோளைத் தட்டி, "எம்" என்றார்.

எம் என்றால் தங்கச்சி. தம்பிக்கும் அதே சொல்தான். சாயங்காலம் மகள் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் 2021இல் போய்ச் சேர்ந்தான். அதற்கப்புறம் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட இந்த பூமியில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர், தெருவில் அக்கா, மளிகைக் கடைப் பையனுக்கு இப்போது ஆச்சி. எல்லாருக்கும் மூத்தவளாகவே இருந்து பழகிப்போனவளை, ஒரு வார்த்தை பேசத் தெரியாத ஊரில் ஒருத்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்து இளையவளாக்கிவிட்டாள்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீடு. நான் தமிழாசிரியை, 2023இல் ஓய்வு பெற்றேன். மகளும் மருமகனும் சைகோனில் இருக்கிறார்கள். 1976இலிருந்து அரசாங்கப் பெயர் ஹோ சி மின் நகரம் என்றாலும், அங்கே உள்ளவர்கள் வாயில் இன்னும் சைகோன்தான். மருமகனுக்குக் காலணித் தொழிற்சாலையில் வேலை, மகளுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை. "சும்மாதானம்மா இருக்க, ரெண்டு மாசம் வந்து இரு" என்று மகள் சொன்னதால் 2024 நவம்பரில் கிளம்பினேன். ராத்திரி பாலருவி எக்ஸ்பிரஸ். பக்கத்து இருக்கைக்காரர் "எங்க போறிய?" என்று விசாரித்தார். செங்கோட்டை தாண்டி, மலை தாண்டி விடியும்போது சுற்றிலும் மலையாளம், அதில் பாதி புரிந்தது. ஆலுவாவில் இறங்கி, கொச்சியில் விமானம் ஏறினேன். அதற்கப்புறம் காதில் விழுந்த எதுவும் புரியவில்லை.

முதல் வாரம் எனக்கு நன்றாக இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் போய்விட்டால் மறுபடி ஆறு மணிக்குத்தான் குரல் கேட்கும். வாழ்நாளெல்லாம் பேசியே சம்பளம் வாங்கியவள் நான். குக்கரிடமும் துணி காயப்போடுகிற கம்பியிடமும் பேச ஆரம்பித்தேன். கீழே சந்து முழுக்க ஆள் நடமாட்டம், சிரிப்பு, சண்டை, வியாபாரம். எதிலும் எனக்குப் பங்கு இல்லை. "நான் ஊருக்கே போயிருதேன் ஏட்டி" என்று ஒரு நாள் மகளிடம் சொல்லவும் செய்தேன். அவள் பதில் சொல்லாமல் ஒரே ஒரு வார்த்தையைக் கற்றுக்கொடுத்தாள். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே 'சய்' என்று பெயர். பச்சை என்பதில் வருமே, அந்த ச. "கீழ சோத்துக்கடையில போய்க் கேளு, குடுப்பாங்க" என்றாள்.

மறுநாள் போனேன். சந்து முனையில், தாழ்வான பிளாஸ்டிக் ஸ்டூல்கள் நாலைந்து போட்ட கடை. சாப்பிட வந்தவர்களின் தட்டில் பன்றி இறைச்சியும் மீனும் இருந்தன. அந்த அம்மாவைப் பார்த்து நான் "சாய்" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தார். வேண்டாம் என்று தலையாட்டி, இன்னும் அழுத்தி "சாய்" என்றேன். வேறொரு பாட்டில் வந்தது. பெரியது.

என்ன நடந்தது என்று ராத்திரி தெரிந்தது. சய் என்றால் சைவம், சாய் என்றால் பாட்டில். குறிலும் நெடிலும்! ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் நான் நடத்திய பாடம். கண் இமைக்கிற நேரம், கை நொடிக்கிற நேரம் ஒரு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. விரலை நொடித்து நொடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு மாத்திரைக்குள் ஒருத்தியின் மதியச் சாப்பாடே இருக்கிறது என்று கடைசிவரை எனக்குத் தோன்றியதில்லை.

சாப்பாடு கிடைத்ததா என்றால் கிடைத்தது. வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக் கைகுவித்தேன். அந்த அம்மாவுக்குப் பளிச்சென்று பிடிபட்டுவிட்டது. "ஆ, சய்!" என்று சொல்லிவிட்டு என்னைச் சுவர்ப்பக்கம் இழுத்துப்போனார். அங்கே தினமும் கிழிக்கிற காலண்டர் தொங்கியது, நம் வீட்டில் தொங்குவது மாதிரியே. பெரிய எழுத்தில் ஆங்கிலத் தேதி, கீழே சின்னதாக நிலாக் கணக்குத் தேதி. அதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அங்கே பௌத்தர் பலர் நிலா மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் சாப்பிடுவார்கள். நம் அமாவாசை, பௌர்ணமிதான். இன்றைக்கு அந்த நாள் இல்லையே என்கிறார். பிறகு அவராகவே ஒரு வாணலியைக் கழுவி, கழுவியதை என் கண்முன்னால் காட்டி, மீன் சாற்றுக் குப்பியைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு, சோயா கட்டியும் கீரையும் வதக்கிக் கொடுத்தார். கீரை வள்ளைக்கீரை. எங்கள் ஊர்க் குளத்தில் கேட்பாரில்லாமல் படர்ந்து கிடக்கும், பாதிப் பேர் பறிக்கவே மாட்டார்கள். பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் அது இவ்வளவு ருசி என்று அன்றைக்குத்தான் தெரியும். நான் தின்று முடிக்கும்வரை எதிரே நின்றுகொண்டிருந்தார். முடித்ததும் ஒரு தடவை விரலைச் சொடக்கி, "சய்" என்று சொல்லிக் காட்டினார். நான் திருப்பிச் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினார். இன்னொரு தரம். அதற்கும் இல்லை. ஐந்தாவது தடவை தலையசைத்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கிய பிள்ளை மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில் அடுத்த சங்கடம் வந்தது. வியட்நாம் மொழியில் 'நீ', 'நீங்கள்' என்று பொதுவாகச் சொல்லிப் பேச்சை ஓட்ட முடியாது. எதிரே இருப்பவர் அண்ணனா, அக்காவா, சித்தப்பாவா, பெரியப்பாவா, பாட்டியா என்று முடிவு செய்தால்தான் வாக்கியமே தொடங்கும். 'நான்' என்று சொல்கிற இடத்திலும் அப்படித்தான், அக்காவிடம் பேசும்போது நான் என்பதற்கே 'தங்கச்சி' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால்தான் பார்த்ததும் வயசைக் கேட்கிறார்கள். அண்ணாச்சி என்று கூப்பிடாமல் ஒரு கிலோ சீனி வாங்கத் தெரியாத ஊரிலிருந்து போன எனக்கு இது சிரமமாகவே இல்லை. சிரமம் அந்தச் சொல்லில் இருந்தது. அக்காவுக்கு அங்கே 'ச்சீ'. அதுவும் குரலைக் கீழே இறக்கி வெடுக்கென்று நிறுத்த வேண்டும். நம் ஊரில் நாயை விரட்டுகிற தொனி. சோறு போட்ட மனுஷியை எப்படி அப்படிக் கூப்பிடுவது? இரண்டு நாள் வாயே வரவில்லை. மூன்றாம் நாள் துணிந்து "ச்சீ பா" என்றேன். பா என்றால் மூன்று. தென்வியட்நாமில் வீட்டு மூத்த பிள்ளையை இரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஒன்று என்று யாரும் கிடையாது. ஆகவே மூன்று என்றால் இரண்டாவதாகப் பிறந்தவர். சந்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் கூப்பிட்டதும் அடுப்படியிலிருந்து "ஓய்" என்று பதில் வந்தது. அந்த 'ஓய்'யை மட்டும் எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் அக்காவின் பேரன் முதல் வகுப்புப் படித்தான். பள்ளி விட்டு வந்து கடையில்தான் உட்கார்ந்திருப்பான். எனக்கு மொழி சொல்லித்தருகிற பொறுப்பை அவனாகவே எடுத்துக்கொண்டான். ஒரு நாள் நோட்டில் ஒரே சொல்லை ஆறு தடவை எழுதினான். அவர்கள் எழுத்து ஆங்கில எழுத்துதான், மேலும் கீழும் குறிகள் உண்டு. ஆறுக்கும் 'மா' என்றுதான் எனக்குக் கேட்டது. அவன் கையைக் காற்றில் ஏற்றி இறக்கி, வளைத்து, குரலின் பாதையைக் காட்டினான். குறி இல்லாத மா பேய். தலைமயிரை முகத்தில் இழுத்துவிட்டுக் காட்டினான். மேலே ஏறுகிற மா அம்மா. தழைந்து இறங்குவது 'ஆனால்' என்கிற மாதிரியான சொல், அதை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் விட்டுவிட்டான். அப்புறம் கல்லறை, குதிரை. கடைசி மாவுக்கு எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி. கிணற்றில் கல் போட்ட மாதிரி குரல் விழுந்து நிற்க வேண்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே காட்டத் தெரியவில்லை. நகரத்துப் பிள்ளை. பாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். சிமெண்டுத் தரையில் குனிந்து, இடது கையை முழங்காலோடு அணைத்து எதையோ பிடித்திருப்பது போல வைத்துக்கொண்டு, வலது கையால் அதிலிருந்து பிரித்துப் பிரித்து, கட்டைவிரலால் தரையில் ஊன்றி ஊன்றிப் பின்னால் நகர்ந்தார். ஓர் அடி, இன்னோர் அடி.

நாற்று!

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் அப்பா பிசானப் பருவத்துக்கு நடவு போடும்போது சின்ன வயசில் நானும் தொளிக்குள் இறங்கி நின்றிருக்கிறேன். அதே குனிவு, அதே கட்டைவிரல். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் குனிந்தேன். இரண்டு பேரும் அந்தக் கடைவாசலில் சுவர் முட்டும்வரை நட்டுக்கொண்டே பின்னால் போனோம். நிமிர்ந்ததும் என்னை அறியாமல் ஒரு குலவை போட்டுவிட்டேன். சந்தே திரும்பிப் பார்த்தது. அக்கா அந்தச் சத்தத்தை இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் நடவுக்கான சத்தம் அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அக்கா மீகாங் டெல்டாக்காரி, கல்யாணமாகி நகரத்துக்கு வந்தவர். அங்கெல்லாம் இப்போது பெரும்பாலும் விதையை நேரடியாகத் தெளித்துவிடுகிறார்கள் என்பதையும் கையை வீசி வீசியே சொன்னார். அன்று சமையலறையில் ஒரு பெரிய பாடமே நடந்தது. நெல்லுக்கு ஒரு சொல், அரிசிக்கு வேறு, சோற்றுக்கு வேறு, நொய்க்கு வேறு. லுவா, காவ், கம், தம். ஒவ்வொன்றுக்கும் நான் தமிழ் சொன்னேன். ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று எனக்கு எப்போதும் தோன்றும். நொய்யைத் தனியாகப் பெயர் சொல்லி மதிக்கிற வீடு அது. சைகோனில் பேர்போன சாப்பாடே நொய்ச்சோறுதான். அரிசியை வீணாக்கத் தெரியாத ஏழைகளின் சோறாக இருந்தது இன்றைக்கு ஊர்ப் பெருமையாகிவிட்டது.

போன் இருக்கிறதே, மொழிபெயர்த்துச் சொல்லுமே என்று நீங்கள் நினைக்கலாம். மருந்துக்கடைக்குப் போகும்போது நான் போனைத்தான் நம்பினேன், அங்கே கைஜாடையோடு விளையாடக் கூடாது. ஆனால் அக்காவிடம் ஒரு தடவை போனில் தமிழில் பேசி நீட்டினேன். அது என் 'நீங்கள்' என்பதை 'நண்பர்' என்று பெயர்த்துச் சொன்னது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, போனை மெதுவாக மேசையில் கவிழ்த்து வைத்தார். என்னைக் காட்டி "எம்" என்றார். தன்னைக் காட்டி "ச்சீ" என்றார். அதற்கப்புறம் கடைக்குப் போனால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன். போன் நடுவில் இருந்தால் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

அந்த ஆங்கில எழுத்து அவர்களுக்கு எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். ஏசு சபைப் பாதிரிமார்கள் 17ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய முறை. அவர்களில் அலெக்சாண்டர் த ரோட் என்பவர் தொகுத்த அகராதி 1651இல் ரோமில் அச்சானது. அந்த ஊர்ப் பெண்கள் பேசுவதை முதன்முதலில் கேட்டபோது பறவைகள் கீச்சிடுவது மாதிரி இருந்ததாகவும், இதைக் கற்க முடியும் என்ற நம்பிக்கையே போய்விட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அப்புறம் அவருக்குத் தொனிகளையெல்லாம் மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுத்தது அந்த ஊர்ச் சிறுவன் ஒருவன். அவனுக்கு இவர் மொழி தெரியாது, இவருக்கு அவன் மொழி தெரியாது. அதைப் படித்தபோது நோட்டும் பென்சிலுமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பேரன்தான் நினைவில் வந்தான்.

நம் சீமையும் இதைப் பார்த்த சீமைதானே. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், அவர்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் தாய்மொழி வேறு, என் தாய்மொழி பாஸ்க் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு ஊர் ஊராகப் போனார். மணப்பாட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போய் அவர் தங்கிய குகையை எத்தனையோ தடவை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல்லைப் பற்றியும், சாயர்புரத்துப் போப்பையரைப் பற்றியும் வகுப்பில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அவர்கள் தமிழுக்குச் செய்தது எல்லாம் சொன்னேன். தமிழ் தெரியாமல் அவர்கள் நின்ற முதல் நாளைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர்களுக்கு யார் தண்ணீர் கொடுத்தது, எந்தப் பிள்ளை முதல் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது? அந்தப் பிள்ளைகள் பெயரெல்லாம் எங்கே போயிற்று?

இதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்து நின்றது. பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று மலைவாழ் மக்களான காணிக்காரர்களின் குடியிருப்புகள் உண்டு. அவர்கள் பேச்சு நம் தமிழும் மலையாளமும் கலந்த மாதிரி ஒலிக்கும், ஆனால் இரண்டும் இல்லை. பல வருஷம் முன்னால் அந்த மலையிலிருந்து ஒரு பெண்பிள்ளை விடுதியில் தங்கி என் வகுப்பில் படித்தாள். மாசக்கணக்காக வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள். "தெரியாட்டி தெரியலன்னு சொல்லு" என்று நான் வகுப்பில் வைத்தே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைக்கு மேல். அந்தப் பிள்ளையிடம் உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் சொல்வீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு பூவைக் காட்டிக்கூடக் கேட்கவில்லை. அரைப் பரீட்சைக்குப் பிறகு அவள் வரவில்லை. சைகோன் சந்தில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சொல்லுக்காக ஐந்து தடவை வாய் திறந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அக்கா ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லையே.

கிளம்புவதற்கு முந்தின வாரம் மகள் 'பென் தான்' சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நம் தமிழ் வணிகர்கள் கட்டிய கோயில். உள்ளே இருந்தவர்கள் அநேகமாக எல்லாருமே அந்த ஊர்க்காரர்கள். பின்பக்கக் கற்சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து ஒரு பெண் முணுமுணுவென்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது 'மா' மட்டும்தான். எந்த மா என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. நானும் பக்கத்தில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து ஆறு மாசம். கார் பருவ நடவு நேரத்தில் தம்பி வயலுக்குப் போயிருந்தேன். இப்போது எங்கள் பக்கத்திலும் நடவுக்கு வங்காளத்து ஆட்கள் வருகிறார்கள். ஏழெட்டுப் பையன்கள், நூல் பிடித்த மாதிரி நடுகிறார்கள், நல்ல வேகம். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தம்பி அவர்களோடு பேசுவதெல்லாம் ஏஜென்டுக்குப் போன் போட்டுத்தான். நான் நாற்று முடி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஒரு பையன் முன்னால் நீட்டி, என்னைத் தொட்டு "நாற்று" என்றேன். அவனைக் காட்டிக் கையை விரித்தேன்.

முதலில் அவன் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து எழுந்துவிட்டான். உட்காரச் சொல்லி நானும் வரப்பில் உட்கார்ந்தேன். மறுபடியும் "நாற்று" என்றேன். அவன் மற்றவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சாரா" என்றான்.

"சாரா" என்றேன்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு, வாயை நன்றாகத் திறந்து, எனக்குத் தெரியும்படி மெதுவாக இன்னொரு தடவை சொன்னான்.